தெற்கே சாய்ந்த வைன்

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் திகதி, புதன்கிழமை, காலை ஆறு மணிக்கு, கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஸ்ரௌவ்வில்லில், அமிர்தநாதரின் கராஜில் இருந்த ஏழு கண்ணாடிக் குடங்களிலும் வைன் தெற்குப் பக்கம் நான்கு விரல் உயர்ந்து, வடக்குப் பக்கம் நான்கு விரல் தாழ்ந்து நின்றது. குடங்கள் நேராக இருந்தன. வெளியே குளிர் சைபருக்குக் கீழே பதினொரு பாகை. அமிர்தநாதர் குடங்களைப் பார்த்தார், உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தார், பிறகு தில்லையம்பலத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

தில்லையம்பலம் மார்க்கம், ஸ்காபரோ ஆகிய ஊர்களில் இருபத்தாறு வருடம் வீடுகளுக்கு பேஸ்மென்ற் கட்டிக்கொடுத்தவர்; ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். நாலடி நீள ரசமட்டத்தோடு வந்து கராஜின் தரையை நான்கு மூலைகளிலும் அளந்தார். குடங்கள் நின்ற பலகையை அளந்தார். ஐம்பத்துநான்கு லீற்றர் கொள்ளும் ஒவ்வொரு குடத்தின் வாயையும் அளந்தார். "அண்ணை, நிலம் மட்டம், பலகை மட்டம், குடமும் மட்டம். வைன்தான் பிழை," என்றார். பிறகு முதல் குடத்தின் வடக்குப் பக்க அடியில் ஒரு மர ஆப்பைச் செருகினார். குடம் தெற்கே சரிந்தது. உள்ளே இருந்த வைன் நிலத்துக்கு மட்டமாக வந்து நின்றது. ஆப்பை உருவினார், வைன் திரும்பவும் சாய்ந்தது. இதை ஏழு குடங்களிலும் செய்து பார்த்துவிட்டு, ஆப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்தார். 

அமிர்தநாதர் 1949இல் பாஷையூர் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். பதினொரு வருடம் கிரேக்கச் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தார். 1989இல் கனாரித் தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் கப்பல் முதலாளி கப்பலையும் ஆட்களையும் கைவிட்டுப் போனபோது, அவரும் அதே கப்பலில் சமையற்காரனாக இருந்த சீமோனும், சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த இருபத்தெட்டு அடிப் பாய்ப்படகு ஒன்றில் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவுக்கு வருவதென்று முடிவு செய்தார்கள். சீமோனும் பாஷையூர்தான். அவருடைய மனைவி அன்ரனெற்றும் மூன்று வயது மகள் ஜெயமலரும் ஊரில் இருந்தார்கள். படகு நவம்பர் 13ஆம் திகதி காலை ஆறு மணிக்கு லாஸ் பால்மாஸை விட்டது. டிசம்பர் 22ஆம் திகதி பார்படோஸை அடைந்தது. புறப்பட்டபோது அதில் இரண்டு பேர் இருந்தார்கள். கரைக்கு இறங்கியது ஒருவர்.

அடுத்த வருடம் ரொறன்ரோவுக்கு வந்த அமிர்தநாதர், கார்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1994இல் 'நாற்பது நாள் தண்ணீர்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஸ்காபரோவில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நடந்த வெளியீட்டுக்கு முந்நூறு பேர் வந்தார்கள். பதினான்கு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. பதினேழாம் அத்தியாயம் புயல். டிசம்பர் 7ஆம் திகதி இரவு ஏழு மணிக்கு மூன்று பனை உயரத்தில் ஒரு அலை வருகிறது. பாய்க் கயிற்றில் அகப்பட்டுக் கிடந்த அமிர்தநாதரை விடுவித்துவிட்டுச் சீமோன் நிமிரும்போது அலை அவரைக் கொண்டுபோகிறது. கயிறு அறுத்த தழும்பு அமிர்தநாதரின் இரண்டு உள்ளங்கைகளிலும் இருந்தது. கூட்டங்களில் கேட்டவர்களுக்குக் காட்டினார். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் பேச்சுப் போட்டியில் பதினெட்டு வருடம் அந்த அத்தியாயம் இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள், பனையைக் கண்டிராதவர்கள், கையை உயர்த்தி "மூன்று பனை!" என்று கத்தினார்கள்.

1996இல் அன்ரனெற்றையும் ஜெயமலரையும் கனடாவுக்கு எடுப்பித்தவர் அமிர்தநாதர். படிவங்களை நிரப்பினார், விமான நிலையத்துக்குப் போனார், வீடு பார்த்துக் கொடுத்தார், ஜெயமலருக்கு உறுதிபூசுதலின்போது ஞானத்தந்தையாக நின்றார். அன்ரனெற் எக்லின்ரன் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு வருடம் ரோல்ஸ் சுற்றினார். புத்தகத்தில் அலை வரும் 147ஆம் பக்கம் அவருக்கு மனப்பாடம். வருடாவருடம் டிசம்பர் 7ஆம் திகதி பங்குக் கோவிலில் கணவரின் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். உடலைக் காணாதவருக்கு நாளாவது தெரிந்திருந்தது.

அமிர்தநாதர் மேலும் மூன்று புத்தகங்கள் எழுதினார். மூன்றும் அதே நாற்பது நாட்களைப் பற்றியவை. கடல் எழுத்தாளர் என்று பெயர் எடுத்த அவர் ரொறன்ரோவில் ஒருநாளும் தண்ணீரில் இறங்கவில்லை. தீவுக்குப் போகும் படகில்கூட ஏறவில்லை. ஜெயமலரை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோனால் வெளியே காருக்குள்ளேயே இருந்தார். 2007இல் ஐந்தாவது புத்தகத்தைத் தொடங்கி, மூன்று பக்கம் எழுதி, பேனையை மூடி வைத்தார். காரணம் கேட்டவர்களிடம் திராட்சை நடப் போகிறேன் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அவர் ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே ஒரு விவசாயியிடம் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையை நட்டார். தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த இத்தாலியர்கள் கராஜில் வைன் போடுவதைப் பல வருடம் பார்த்திருந்தார். அந்தத் திராட்சை கனடாக் குளிரைத் தாங்காது; நவம்பரில் கொடிகளைத் தரையில் படுக்கவைத்து மண்ணால் மூட வேண்டும், ஏப்ரலில் மண்ணை விலக்கி எழுப்ப வேண்டும். மூடுகிற சனிக்கிழமையில் அன்ரனெற் உதவிக்கு வருவார். முதல் கொடியின்மேல் கையால் ஒரு பிடி மண்ணைப் போட்டு, சிலுவை அடையாளம் இட்டுவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார். ஏனென்று அமிர்தநாதர் கேட்கவில்லை. அந்த நேரங்களில் அவர் தோட்டத்தின் மறு கரைக்குப் போய்விடுவார்.

வீட்டு வைனை விற்கக் கூடாது, கொடுக்கலாம். அமிர்தநாதர் கொடுத்தார். வைன் நன்றாக இருந்தது. குடிப்பதில்லை என்று சொல்பவர்களும் மருந்துக்கு என்று வாங்கிக்கொண்டார்கள். 2019 செப்டெம்பரில் மட்டும் ரூஜிலும் மார்க்கத்திலும் ஒஷாவாவிலுமாக அறுபத்துமூன்று வீடுகளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு போத்தல்கள் போயிருந்தன. நவம்பர் 13ஆம் திகதி காலை ஆறு மணிக்கு அந்தப் போத்தல்களிலும் வைன் தெற்கே சாய்ந்தது.

மூன்றாம் நாள் தில்லையம்பலம் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கராஜுக்கு வந்தார். அன்று, புத்தகத்தின்படி, நடுப்பகலில் காற்று மாறிப் படகு மூன்று மணி நேரம் வலப்பக்கம் சாய்ந்து ஓடியிருக்க வேண்டும். நடுப்பகலில் ஏழு குடங்களிலும் வைன் எழும்பி வடக்குப் பக்கம் சாய்ந்தது. மூன்று மணிக்குத் தெற்கே திரும்பியது. கராஜ் கதவு இருந்த மேற்குத் திசையை வைன் படகின் முன்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு, ஒரு ஆள் முன்னாலிருந்து பின்னால் நடந்ததுபோல, மேற்கு விளிம்பில் சிறிது ஏறி, மெல்லக் கிழக்கு விளிம்புக்கு வந்தது. சீமோன் தினமும் நான்கு மணிக்கு இனாமல் கோப்பையில் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து தந்ததாக 38ஆம் பக்கத்தில் இருந்தது. தில்லையம்பலம் புத்தகத்தை மூடினார். "அண்ணை, இது உங்கடை படகு," என்றார். அமிர்தநாதர் முதல் நாளே அதை அறிந்திருந்தார்.

செய்தி பரவியதும் சனங்கள் திகைத்தார்கள். திகைப்பு முடிந்தவர்கள் கராஜுக்கு வந்தார்கள். வாரநாட்களில் இருபது கார், சனிக்கிழமைகளில் அறுபது கார் வீதியில் நின்றது. மார்க்கத்தில் இயங்கிய வாசகர் வட்டத்தின் செயலாளர் வெங்கட், மதுரைக்காரர், வங்கி ஒன்றில் மென்பொருள் வேலை செய்பவர், பயணத்தின் முப்பதாம் ஆண்டைக் கொண்டாடுவது என்று அறிவித்தார். ஒவ்வொரு மாலையும் அன்றைய பக்கங்களை ஒருவர் குடங்களின் முன்னால் நின்று வாசித்தார். வாசிப்பும் வைனும் ஒத்துப்போனபோது கைதட்டினார்கள். புயல் நாளான டிசம்பர் 7, சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குப் பெருவிழா. பிரதம விருந்தினர் திருமதி அன்ரனெற் சீமோன். அழைப்பிதழில் அலையின் படம் போட்டிருந்தார்கள்.

அழைப்பிதழ் வந்த மறுநாள் அமிர்தநாதர் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். தக்கையில் பழுது, போத்தலைத் திருப்பித் தாருங்கள், புதியது தருகிறேன் என்றார். எட்டு நாட்களில் நூற்று நாற்பது போத்தல்கள் திரும்பி வந்தன. அவற்றை வீட்டின் பின்னால் பனியில் ஊற்றினார். பனி இளஞ்சிவப்பாகி, தெற்குப் பக்கம் நான்கு விரல் குவிந்து உறைந்தது. டிசம்பர் 3ஆம் திகதி ரூஜில் அன்ரனெற்றின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஜெயமலரின் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், கோப்பை அலுமாரியின்மேல், மாதா சிலைக்குப் பக்கத்தில் போத்தல் இருந்தது.

"தக்கை பழுதெண்டால் பழுதாயே இருக்கட்டும் அண்ணை," என்றார் அன்ரனெற். "ஏழாம் திகதி மட்டும் உது உதிலை நிக்கும். அவரின்ரை புயலை நான் ஒருக்காப் பாக்கவேணும்."

"பாக்கிறதுக்கு ஒண்டுமில்லைத் தங்கச்சி."

"உங்களுக்கில்லை. நீங்கள் பாத்திட்டியள்."

அமிர்தநாதர் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். "அங்கிள் லுக்ஸ் சிக், அம்மா," என்றார் மருத்துவத் தாதியான ஜெயமலர், அவர் போன பிறகு. அன்ரனெற் அதற்கு, புயலுக்குள்ளே போய் வந்த ஆளுக்கு அந்த நாட்கள் நெருங்கினால் அப்படித்தான் இருக்கும் என்றார். அதற்குப் பிறகு அமிர்தநாதர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. குடங்களை உடைக்கவும் இல்லை. சுத்தியலை எடுத்து வைத்திருந்தார். அது டிசம்பர் 7ஆம் திகதியும் பலகையின்மேல் இருந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

புத்தகத்தில் டிசம்பர் 5ஆம் திகதியே வானம் கறுத்துக் கடல் எழும்பத் தொடங்கியிருந்தது. கராஜில் 5ஆம் திகதி காலை வைன் மட்டமாகி, அசைவில்லாமல் நின்றது. தில்லையம்பலத்தின் ரசமட்டத்தில் குமிழி நடுக்கோட்டை விட்டு நகரவில்லை. 6ஆம் திகதியும் அப்படியே. வாசித்தவர் கறுத்த மேகத்தையும் ஊளையிட்ட காற்றையும் வாசிக்க, வைன் கண்ணாடிபோலக் கிடந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு வந்தது. புயலுக்கு முதல் கடல் அப்படித்தான் இருக்கும் என்று வெங்கட் விளக்கினார். அவர் கடலில் போனதில்லை. கடலில் போனவர் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை நடுப்பகலுக்கு ஜெயமலர் தாயையும் இருநூறு ரோல்ஸையும் கராஜில் இறக்கிவிட்டு ஒஷாவாவுக்கு வேலைக்குப் போனார். ஐந்து மணி விழாவுக்கு நம்மவர்கள் ஆறரைக்குத்தான் வருவார்கள். பிரதம விருந்தினர் மட்டும், கடை வேலைப் பழக்கத்தில், ஐந்து மணி நேரம் முந்தி வந்திருந்தார். கோவிலிலிருந்து கடன் வாங்கிய கதிரைகளைத் தில்லையம்பலம் வரிசையாக விரித்துக்கொண்டிருந்தார். அமிர்தநாதர் சுவரோரம் நின்றார். பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்தில் ஏழு குடங்களிலும் வைன் வலப்பக்கம் ஒரு விரல் எழும்பி, விழுந்து, நாலைந்து முறை ஆடி, அடங்கியது.

"என்ன அண்ணை, ஆரோ குதிச்ச மாதிரிக் கிடக்கு," என்றார் தில்லையம்பலம்.

இருபத்தொரு நிமிடம் வைன் அசையாமல் இருந்தது. இரண்டு நாற்பத்தொன்றுக்கு மெல்லத் தெற்கே சாயத் தொடங்கியது. ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல். தில்லையம்பலம் கைதட்டினார். "காத்து வந்திட்டுது! நான் சொன்னனான்தானே!"

அன்ரனெற் ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்தார். கடற்கரையில் பிறந்து, கடல் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டவர். "காத்து வந்தால் படகு ஓடும், என்ன?"

"பாய் ஏத்தியிருந்தால் ஓடும்," என்றார் தில்லையம்பலம்.

அன்ரனெற் சுவர்ப் பக்கம் திரும்பினார். "பாய் ஏத்தியிருந்ததோ, அண்ணை?"

"ஓம்."

"அப்ப குதிச்ச ஆள்?"

அந்த நேரம் தில்லையம்பலத்தின் கைத்தொலைபேசி அடித்தது. மார்க்கத்திலிருந்து வெங்கட். ஒலிபெருக்கியில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அண்ணே, புயல் ஏழு மணிக்குத்தானே? இங்க பாட்டில் இப்பவே சாயுதே. அதுவும் புயல் மாதிரி இல்லண்ணே. ஜாலியா போற மாதிரி இருக்கு." தில்லையம்பலம் அழைப்பைத் துண்டித்துத் தொலைபேசியைக் கதிரையில் வைத்தார். அது மறுபடி அடித்தது; ரூஜிலிருந்து, ஒஷாவாவிலிருந்து, அஜாக்ஸிலிருந்து, போத்தல் வைத்திருந்த வீடுகளிலிருந்து மாறி மாறி அடித்துக்கொண்டேயிருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

அமிர்தநாதர் சுவரோரம் நின்றபடியே சொன்னது இதுதான். மூன்று நாள் காற்றில்லாமல் படகு நின்றது. சுக்கானில் அறுந்த மீன்வலை ஒன்று சுற்றியிருந்தது. பத்து நிமிட வேலை என்று சொல்லிவிட்டுச் சீமோன் கத்தியோடு வலப்பக்கத்தால் தண்ணீரில் குதித்தார். வருகிற காற்றைத் தவறவிடக் கூடாதென்று பாயை இறக்காமல் விட்டிருந்தார்கள். அமிர்தநாதர் அறைக்குள் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். படகு சாய்ந்ததும் சந்தோஷப்பட்டார். சீமோன் மேலே ஏறிச் சுக்கானைப் பிடித்துவிட்டான் என்று நினைத்துத் தொடர்ந்து எழுதினார். மூன்று முப்பத்திரண்டுக்கு வெளியே வந்தார்.

"என்னத்துக்கு வெளியிலை வந்தனீங்கள்?" என்று அன்ரனெற் கேட்டார்.

"எழுதினதை அவனுக்கு வாசிச்சுக் காட்ட."

"என்ன எழுதினனீங்கள்?"

"கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது எண்டு. பிறகு, காத்து வந்துவிட்டது எண்டு."

குடங்களில் வைன் இன்னமும் சாய்ந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அன்ரனெற் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மூன்று முப்பத்திரண்டுக்கு வைன் சட்டென்று நிமிர்ந்தது. பிறகு ஒரு கரையில் ஏறி, விளிம்போரமாகச் சுற்றத் தொடங்கியது. படகு வட்டமடித்துத் தேடிக்கொண்டிருந்தது. "எவ்வளவு நேரம் தேடினனீங்கள்?" என்று கேட்ட அன்ரனெற், அமிர்தநாதர் வாயைத் திறந்ததும் கையை உயர்த்தினார். "நீங்கள் சொல்லவேண்டாம். நான் பாக்கிறன்." முன்வரிசையில் பிரதம விருந்தினருக்கென்று துணி போர்த்தி வைத்திருந்த கதிரையை இழுத்துக் குடங்களின் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

ஆறரைக்கு வந்த நாற்பத்தெட்டுப் பேரும் அவரை அப்படித்தான் கண்டார்கள். வைன் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் ஒலிவாங்கியைத் தொடவில்லை. ஏழு மணி வந்து போனது, அலை வரவில்லை. தில்லையம்பலம் வாசலில் நின்று வந்தவர்களுக்கு நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னார். பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வாங்கிய ஒரு பெண், இப்போது வழக்கறிஞர், கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். எல்லோரும் போன பிறகு மேசையில் நூற்று எண்பத்தொன்பது ரோல்ஸ் இருந்தன.

அன்ரனெற் அந்தக் கதிரையில் மூன்று நாள் இருந்தார். ஜெயமலர் போர்வையும் மாத்திரைகளும் கொண்டுவந்து கொடுத்தார். அமிர்தநாதரை ஜெயமலர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அமிர்தநாதர் நான்கு மணிக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். அன்ரனெற் குடித்தார். நான்கு மணிக்கு வைனில் வழக்கமாக வரும் அந்த நடை அன்றும் மறுநாளும் வரவில்லை. 9ஆம் திகதி நடுப்பகலில் சுற்று மந்தமாகி, விட்டு விட்டு நகர்ந்தது. "எஞ்சினுக்கு எண்ணெய் முடிஞ்சுது," என்றார் அமிர்தநாதர், கேட்காமலே. "பிறகு துடுப்பு." அன்ரனெற் அவருடைய உள்ளங்கைகளைப் பார்த்தார். "அப்ப உது கயித்தாலை வந்த தழும்பில்லை?" "இல்லை."

10ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு முப்பத்திரண்டுக்குச் சுற்று நின்றது. வைன் தெற்கே நான்கு விரல் சாய்ந்து அப்படியே நின்றது. காற்று வந்து, படகு தன் வழியே போய்விட்டது. அன்ரனெற் எழும்பினார். கால் மரத்துப்போயிருந்ததால் தில்லையம்பலம் பிடித்துக்கொண்டார்.

"அறுபத்து நாலு மணித்தியாலம் தேடியிருக்கிறியள்," என்றார். "இதைச் சொல்லியிருந்தாலே எனக்குக் காணும். என்னத்துக்கு அண்ணை எனக்கொரு புயல்?"

ஒரு குடம் தனக்கு வேண்டும் என்று அன்ரனெற் சொன்னார். தில்லையம்பலம் அதைத் தன் வான் வண்டியில் ஏற்றி, ரூஜில் அவருடைய அறையில், திசைகாட்டி வைத்துப் பார்த்து இறக்கினார்.

பன்னிரண்டு வருடம் பேனை தொடாத அமிர்தநாதர் அந்தக் கிழமையே ஒரு துண்டு எழுதி அச்சடித்தார். தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் ஒட்டப்படும் அளவில், கைவிரல் நீளத்தில் இருந்தது. 'பிழை திருத்தம். பக்கம் 141 முதல் 158 வரை: புயல் என்று வரும் இடங்களில் அமைதி என்று வாசிக்கவும். பக்கம் 147, வரி 9: சீமோனை அலை கொண்டுபோயிற்று என்பதை, சீமோனை நான் விட்டுவிட்டுப் போனேன் என்று வாசிக்கவும். பக்கம் 152, வரி 4: கயிறு என்பதைத் துடுப்பு என்று வாசிக்கவும்.' பசைக்குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடியும் வீடு வீடாகப் போனார். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் புத்தகத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். ஒட்டிவிட்டுத் திரும்ப அவர்கள் வாசலில் வைத்தார். 2020 மார்ச்சில் தொற்றுநோய் ஊரை மூடியபோது எண்பத்தெட்டுப் பிரதிகளில் ஒட்டியிருந்தார். மிச்சத் துண்டுகளைத் தபாலில் அனுப்பினார். தமிழ்ப் பள்ளிகள் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு நயாகராவைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் போட்டன. வாசகர் வட்டம் கூட்டம் கூடாமலே கலைந்தது.

2020 நவம்பர் 13ஆம் திகதி வைன் மறுபடி சாய்ந்தது. இந்த முறை ஒருவரும் ஸ்ரௌவ்வில்லுக்குப் போகவில்லை; போத்தல் வைத்திருந்தவர்கள் அதைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள், விருந்தில் ஊற்றியவர்கள் கிளாஸை அரைவாசி மட்டும் நிரப்பினார்கள். அன்ரனெற் தில்லையம்பலத்தைக் கூப்பிட்டு, மூன்று தடிப்பில் மூன்று ஆப்பு செதுக்கித் தரச் சொன்னார். எதற்கென்று தில்லையம்பலம் கேட்டார். "படகை நிப்பாட்ட," என்றார் அன்ரனெற். தில்லையம்பலம் செதுக்கிக் கொடுத்தார். டிசம்பர் 7ஆம் திகதி இரண்டு இருபதுக்கு வைன் வலப்பக்கம் எழும்பி விழுந்தது. இரண்டு நாற்பத்தொன்றுக்கு அது சாயத் தொடங்கியபோது அன்ரனெற்றின் கை தடுமாறி, முதல் ஆப்பு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. குனிந்து எடுத்துச் செருகியபோது மூன்று நிமிடம் பிந்திவிட்டது. மூன்று முப்பத்திரண்டுக்கு வைன் நிமிர்ந்து சுற்றத் தொடங்கியது. அறுபத்து நாலு மணித்தியாலம் சுற்றியது.

2021 டிசம்பர் 7ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, அவர் மூன்று ஆப்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயமலர் குடத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாற்பத்தொன்றுக்கு வைன் தெற்கு விளிம்பில் ஒரு நூல் ஏறியதும் மெல்லிய ஆப்பைக் குடத்தின் வடக்குப் பக்க அடியில் செருகினார். வைன் மட்டமாகியது. காற்று கூடக் கூட அடுத்ததை, பிறகு அடுத்ததைச் செருகினார். வைன் மட்டமாகவே நின்றது. மூன்று மணி ஐந்து நிமிடத்தில் அது வலப்பக்கம் ஒரு விரல் எழும்பி, அங்கேயே சிறிது நேரம் தொங்கி, ஆடி, நடுவுக்கு வந்தது. ஜெயமலர் குடத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அன்ரனெற் மூன்று ஆப்புகளையும் உருவினார். வைன் தெற்கே சாய்ந்து ஓடியது. மூன்று முப்பத்திரண்டுக்கு நிமிரவில்லை, சுற்றவில்லை. நான்கு மணிக்கு மேற்கு விளிம்பில் சிறிது ஏறி, மெல்லக் கிழக்கு விளிம்புக்கு வந்தது.

ஸ்ரௌவ்வில்லில் இருந்த ஆறு குடங்களும் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் முன்னால் நின்ற அமிர்தநாதருக்கு நாலேகாலுக்குத் தொலைபேசி வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்ரனெற் அவரோடு பேசினார்.

"ஆள் ஏறிட்டார்."

அமிர்தநாதர் கேட்டார்: "எந்தப் பக்கத்தாலை?"

"வலப்பக்கத்தாலை."

"ஓம். ஏணி அங்கைதான் கட்டியிருந்தது."

ஏணியைப் பற்றி நான்கு புத்தகங்களிலும் ஒரு வரி இல்லை.

அன்ரனெற்றின் குடம் டிசம்பர் 22ஆம் திகதி, மற்றக் குடங்கள் நின்ற அதே நிமிடத்தில், நேராக நின்றது. தில்லையம்பலம் அளந்து பார்த்தபோது மற்றவற்றைவிட அதில் வைன் அரை விரல் உயர்ந்திருந்தது. யாரும் ஊற்றவில்லை என்று ஜெயமலர் சொன்னார், தில்லையம்பலம் அளவைக் குறித்துக்கொண்டார்.

2022 நவம்பரில், கொடிகளை மூடுகிற சனிக்கிழமையில், அன்ரனெற் மூன்று வருடத்துக்குப் பிறகு திராட்சைத் தோட்டத்துக்கு வந்தார். அமிர்தநாதர் மறு கரைக்குப் போவதற்குள் மண்வெட்டியை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டார். முதல் கொடிக்குக் கைப்பிடி மண் போடவில்லை. இரண்டு பேரும் பதினான்கு வரிசைகளை மூடினார்கள். அந்த மாதக் கடைசியில் பங்கு அலுவலகத்திலிருந்து அன்ரனெற்றுக்குத் தொலைபேசி வந்தது. டிசம்பர் 7ஆம் திகதிக்கு வருடாவருடம் சீமோன் என்ற பெயரில் இறந்தோர் பூசை கொடுக்கிறவர், இந்த முறை இன்னும் கொடுக்கவில்லை என்றார்கள். இனித் தேவையில்லை என்று அன்ரனெற் சொன்னார். அவர்கள் பெயரை வெட்டிவிட்டு அந்த நேரத்தை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள்.